மேற்படி கடன்

"ஒரு கையெழுத்துதான் சார் பாக்கி, சாயங்காலமா வந்து போட்டுட்டுப் போயிடுங்க" என்று வக்கீல் அமலோற்பவம் போனில் சொன்னதை நம்பி, மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியிடம் இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த தணிகாசலம், மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த முன்னறையில் விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அசைந்தால் விரிசல் தொடையைக் கவ்வியது. பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொள்ளலாம். மாறினால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குமாஸ்தா தெய்வநாயகம் நிமிர்ந்து பார்ப்பார், இந்த ஆள் ஏன் இடம் மாறுகிறான் என்று நினைப்பார், நினைத்தால்தான் என்ன, ஒரு நாற்காலியில் கூட உரிமையோடு உட்காரத் தெரியாதவன் என்று மனைவி பூங்காவனம் சொல்வது சரிதான். வக்கீல் இன்னும் கோர்ட்டிலிருந்து வரவில்லை. விஷயம் சின்னது. அவர் வாங்காத கடன் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. யாரோ வாங்கி, சில தவணை கட்டி, அப்புறம் கட்டாமல் விட்ட கடன். அதை அவர் பெயரிலிருந்து எடுக்கச் சொல்லி அந்த வங்கிக்கு நோட்டீஸ் போகிறது. எடுத்தால்தான் வீட்டுக்குக் கடன் கிடைக்கும், கிடைத்தால்தான் பல வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீட்டையே வாங்கமுடியும். வீட்டுக்காரரின் மகன்கள் வெளிநாட்டிலிருந்து தை பிறக்கும்வரை கெடு கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு வேறு பார்ட்டி தயாராக இருக்கிறதாம். தவறு வங்கியுடையது, பணம் தன்னுடையது, வீடு ஏறக்குறைய தன்னுடையது, பிறகு எதற்கு உள்ளங்கை இப்படி வேர்க்கிறது. வேட்டியில் துடைத்துக்கொண்டார், துடைத்தது பேண்ட்டில் என்பது அப்புறம்தான் தெரிந்தது, கோர்ட்டு விஷயம் என்பதால் காலையில் பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்க, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகும்போதும் போலீஸ்காரரைப் பார்த்தால் அவர் கை தானாக அந்தப் பையைத் தடவிப் பார்க்கும். வீட்டுக் கடனுக்குப் போன இடத்தில் மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி, "பழைய பாக்கி ஒண்ணு நிக்குதே சார், மறந்துட்டீங்களா?" என்று கேட்டபோதும் கை அந்தப் பைக்குத்தான் போனது. இல்லை என்று உடனே சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இல்லை என்று சொல்லவேண்டிய இடத்தில், மறந்துவிட்டேனோ என்று யோசித்தார். எந்த வருஷம், எங்கே கையெழுத்துப் போட்டோம், கடைக்கு வரும் கூரியர் பையன்கள் நீட்டும் பொட்டியில் எல்லாம் விரலால் கிறுக்கியிருக்கிறோமே, யாருக்காவது ஜாமீன் நின்றோமோ. திருடாதவனை நீ திருடினாயா என்று கேட்டால் திருடவில்லை என்பான், தணிகாசலத்தைக் கேட்டால் எப்போது என்று திருப்பிக் கேட்பார்.

கடையில் கண் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வட்ட வட்டமான லென்ஸ்களை மாற்றி மாற்றிச் சொருகி, இதுல நல்லா தெரியுதா, இதுலயா என்று கேட்டால், பாதிப்பேர் எழுத்தைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைப் பார்க்கிறார்கள், எது சரியான பதில் என்று அங்கே தேடுகிறார்கள். ரெண்டும் ஒண்ணுதான் சார் என்று சொல்லிவிட்டுப் பயத்தோடு சிரிக்கிறார்கள். ஒண்ணு இல்லீங்க, நல்லா பாருங்க. எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார். எதிர் நாற்காலியில் இருந்த பெண்மணி பெரிய மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், சட்டம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது, காதுப்பக்கம் கொஞ்சம் வளைத்துவிட்டால் நேராகிவிடும், சொல்லலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவளே பேச ஆரம்பித்தாள். செம்மண்டலத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறாளாம், பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டாளாம். "பேங்க்ல எனக்குக் கடன் ஸ்கோரே இல்லன்னுட்டாங்கண்ணே. என்னான்னு கேட்டா, இதுவரைக்கும் நீ கடனே வாங்கல, உன்னை எப்படி நம்புறதுங்கறான். நான் பொறந்ததுலேருந்து ஒருத்தன்கிட்ட கை நீட்டுனதில்ல, அது தப்பாப் போச்சு." குமாஸ்தா தலையைத் தூக்காமலே, "அதான் சொன்னேனேம்மா, முதல்ல ஒரு மிக்சியாவது தவணையில வாங்கு, ரெண்டு மாசம் ஒழுங்கா கட்டு, அப்புறம் நீயும் பெரிய மனுஷி" என்றார். "மிக்சி இருக்குதே." "இருந்தா என்னா, இன்னொண்ணு வாங்கு. சாருக்குப் பாரு, வாங்காமலே கடன் வந்திருக்கு. உனக்கு வாங்கினாத்தான் வருமாம். அவரோடதுல பாதி நீ எடுத்துக்க, ரெண்டு கேசும் முடிஞ்சுடும்." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தணிகாசலமும் சிரித்தார். சிரித்தபோது நாற்காலி கவ்வியது. வாங்காமலே வந்த கடன் என்று இன்னொரு ஆள் வாயால் கேட்டபோது நன்றாக இருந்தது, நம்பும்படியாக இருந்தது. ஆமாம், வாங்கவில்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்று எதிலோ தட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றபிறகு அது மட்டும் கேட்டது.

"விருத்தகிரி யாரு சார், வாங்க" என்றார் குமாஸ்தா, காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டே. யாரும் எழுந்திருக்கவில்லை. தணிகாசலம் வாசலைப் பார்த்தார். யாரோ விருத்தகிரி என்று ஒருவர் வரப்போகிறார், அப்பாவின் பெயர்கொண்ட ஆள், நம் ஜில்லாவில் அந்தப் பெயருக்குப் பஞ்சமா என்று நினைத்தார். "உங்களைத்தான் சார். கடன் அறிக்கையில விருத்தகிரி தணிகாசலம்னு இருக்குதே." "நான் தணிகாசலங்க. விருத்தகிரி எங்க அப்பா. என்னோட இனிஷியல்." "அதான பார்த்தேன். இந்தக் கம்ப்யூட்டருக்கு இனிஷியல்னா என்னான்னே தெரியாது, அப்பன் பேரை முன்னாடி போடும், பின்னாடி போடும். எம்பேரைப் போட்டா தெய்வம் தனியா நாயகம் தனியா வருது." மாவுக்காரம்மா மறுபடி சிரித்தாள். "அப்பா எங்க இருக்காரு சார்?" "இறந்துட்டாருங்க. ரொம்ப வருஷமாச்சு." "அப்ப செத்தவரு பேர்ல வாங்கிட்டானா எவனாவது? அப்படியும் நடக்குது. இல்ல, வீட்ல வேற யாரும் அந்தப் பேர்ல..." என்று சொல்லிக்கொண்டே குமாஸ்தா கீழே விழுந்த குண்டூசியைத் தேடிக் குனிந்தார், கேள்வியை மேஜைக்கடியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார், ஊசி கிடைத்துவிட்டது, கேட்டது அவருக்கு மறந்தும்விட்டது. ஆனால் கேள்வி அங்கேயேதான் இருந்தது. வீட்டில் வேறு யாரும். தணிகாசலம் மேஜைக்கடியில் இருந்த இருட்டையே பார்த்தார். விருத்தகிரியின் மகன் தணிகாசலம். தணிகாசலத்தின் மகன் விருத்தகிரி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான், அவரும் செய்தார். மாமனார் பெயரைச் சொல்லமாட்டேன் என்று பூங்காவனம் பிள்ளையைப் பாபு என்று கூப்பிட ஆரம்பித்தாள், அவருக்கும் அப்பா பெயரைச் சொல்லி டேய் என்று அதட்ட வாய் வரவில்லை, வீட்டில் யார் வாயிலும் அந்தப் பெயர் பையன்மேல் போய் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தது, கல்லூரியில் இருந்தது, வங்கிக் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கு, அவன் காலேஜில் சேர்ந்தபோது கூடப்போய் இவர் திறந்துவைத்தது. பையனிடம் அப்போது போன் இல்லை, இவருடைய நம்பரைத்தான் கொடுத்தார். அதே வீடு, அதே நம்பர், அதே இரண்டு பெயர், முன்னதும் பின்னதும் மட்டும் இடம் மாறி. அந்த எந்திரத்துக்கு அது ஒரே ஆள். அந்தத் தாளை எத்தனை தடவை படித்திருப்பார், ஒவ்வொரு தடவையும் அப்பாவின் பெயரையும் தன் பெயரையும்தான் படித்தார். பிள்ளையின் பெயரை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

அந்த போன்கள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை வந்தன, போன வருஷமா அதற்கு முந்தின வருஷமா, ஒரு பெண் குரல், சில சமயம் ஆண் குரல், விருத்தகிரி சார் பேசறீங்களா என்று. இல்லீங்க என்பார். அவர் எப்ப இருப்பார் சார்? முதலில் பொறுமையாகத்தான் சொன்னார். ஒருநாள் கடையில் கூட்டமாக இருந்தபோது அந்த ஆள் விடாமல், "விருத்தகிரிகிட்ட கொடுங்க சார், ஒளிஞ்சுக்கிட்டா விட்ருவமா" என்று குரலை உயர்த்தினான். அப்பாவைப் போய் ஒளிந்துகொள்கிறவர் என்கிறானே என்று தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது, அவருக்கு அபூர்வமாக வருகிற கோபம், கையில் யாருடைய பிரேமோ இருந்தது. "யோவ், அவர் செத்துப்போயிட்டாருய்யா. செத்தவரை ஏன்யா போட்டுப் பிடுங்கறீங்க" என்று கத்திவிட்டு வைத்தார். முதலாளிகூட, "தணிகாசலத்துக்குக் கோபம் வருதே, இன்னிக்கு மழைதான்" என்றார். அதற்கப்புறம் போன் வரவில்லை. நல்லவேளை என்று நினைத்தார். செத்துப்போய்விட்டான் என்று எழுதி வைத்துக்கொண்டிருப்பார்கள். விருத்தகிரி, தகப்பன் பெயர் தணிகாசலம், இறந்துவிட்டதாகத் தகப்பன் தகவல். இப்படியெல்லாம் நினைக்கக்கூடாது. வாயில் உமிழ்நீர் வற்றிப்போயிருந்தது, மூலையில் தண்ணீர்க் கேன் இருந்தது, டம்ளர் கவிழ்ந்திருந்தது, எழுந்து போகலாம். பாபுவாக இல்லாமலும் இருக்கலாம். ஊரில் இன்னொரு விருத்தகிரி தணிகாசலம் இல்லாமலா போய்விடுவான். இருப்பான், இதே வீட்டு விலாசத்திலா இருப்பான். பெங்களூரில் பாபு வேலை பார்த்தபோது ஒருநாள் காலை வேளையில், கடை ஓய்ந்திருக்கிறதே என்று போன் போட்டார். பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஆபீஸ் நேரத்தில் குக்கர். "இன்னிக்கு வீட்லேருந்தே வேலைப்பா." சரி என்றார். அப்புறம் ஒருநாள் போட்டார், மறுபடி விசில், பக்கத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம். அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்றுதான் கேட்கவில்லை, இப்போது உட்கார்ந்து பார்த்தால் அது தெரிகிறது. அதற்கப்புறம் பகலில் போன் போடுவதையே விட்டுவிட்டார், வேலை நேரத்தில் அவனைத் தொந்தரவு செய்யாதே என்று பூங்காவனத்திடமும் சொல்லிவைத்தார். மாசம் பிறந்தால் பணம் மட்டும் தவறாமல் வந்தது. சம்பளம் போட்டுட்டாங்கப்பா என்பான். எந்த மாதமும் தவறவில்லை, சொல்லப்போனால் அந்த மாதங்களில்தான் கொஞ்சம் கூடுதலாக வந்தது. வேலை போனவன் வீட்டுக்குக் கூடுதலாக அனுப்புவான் என்று யாருக்குத் தோன்றும். தகப்பனுக்குத் தோன்றவேண்டாமா. கடையில் பெருமை பேசினார், மாசம் பொறந்தா பையன் அனுப்பிடுவான் சார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம். அதை அப்படியே சீட்டில் போட்டார். சீட்டு எடுத்த பணம்தான் இப்போது வீட்டுக்கு முன்பணமாக வைத்திருப்பது. அறிக்கையில் கடன் வாங்கியதாக இருக்கும் மாதம் எது, ஆடி, பூங்காவனத்தின் தங்கை வீட்டுக்கு வந்திருந்த ஆடி, விசில் கேட்ட ஆடி.

அப்படியென்றால் என்ன. தவறு தவறுதானே. அவன் வாங்கிய கடன் இவர் பெயரில் ஏறியது அவர்கள் செய்த பிழை, அதைத் திருத்தச் சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை, சட்டம் இவர் பக்கம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் கடன் இவரைவிட்டுப் போகும். எங்கே போகும்? இவ்வளவு நாளாக அந்தக் கேள்வியே இல்லை. அழுக்குத் தண்ணீரைக் கொட்டினால் அது போய்விடும் என்றுதான் கொட்டுகிறவனுக்குத் தெரியும். இப்போது போகிற இடம் தெரிகிறது, அது பாபு, சென்னையில் ஒரு மேன்ஷனில் இருக்கிறது, மூன்று மாதமாக ஒரு நிதி நிறுவனத்தில் வேலைக்குப் போகிறது. போன வாரம்தான் அம்மாவிடம் சொன்னானாம், "நிரந்தரம் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் துருவிப் பார்ப்பாங்கம்மா, கடன்கிடன் இருக்கான்னுகூட." சொல்லிவிட்டுச் சிரித்தானாம். பூங்காவனம் அதை இவரிடம் சொல்லும்போது, நம்ம பிள்ளைக்கு என்ன கடன் இருக்குது, அவன் நமக்கில்ல அனுப்பினான் என்றாள். அவனுக்கே அவன் கடன் எங்கே போயிற்று என்று தெரியுமா. தெரியாமல், எப்படியோ தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். தெரிந்தே சும்மா இருக்கிறானோ. சீ. தெரிந்தால் இருக்கமாட்டான். இருப்பானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேனே, நான் என்ன ஆள். கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடலாம், கடன் இங்கேயே, இந்த ஐம்பது சொச்சம் வயசுக்காரன் தலையில் கிடக்கட்டும், தலை எத்தனை நாள் இருக்கப்போகிறது. வீடு போகும். பூங்காவனம் சமையலறைச் சுவருக்கு நிறம் பார்த்துவைத்திருக்கிறாள், கிணற்றடி முருங்கை இனிமேல் நம்முடையது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்பாள், என்ன சொல்வது. போட்டால் பையன், போடாவிட்டால் வீடு. இதுல நல்லா தெரியுதா, இதுலயா. இரண்டிலும் எழுத்து கலங்கித்தான் தெரிகிறது. மாவுக்காரம்மா, "என்னண்ணே வேர்த்துக்கொட்டுது, ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க" என்றாள். அவர் எழுந்து மாறி உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. உட்கார்ந்த பிறகுதான், இத்தனை நேரம் அந்த விரிசலிலேயே உட்கார்ந்திருந்தது எதற்கு என்று இருந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது, கறுப்பு அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வக்கீல் வந்தார்.

அமலோற்பவத்துக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். உள்ளே கூப்பிட்டு, பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு, "ரொம்ப நேரம் காக்க வச்சிட்டேனா சார், ஜட்ஜ் எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டார்" என்று சொல்லிக்கொண்டே தாளை எடுத்தார். நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது, வரிக்கு வரி தமிழில் சொன்னார். எனது கட்சிக்காரர் இன்ன விலாசத்தில் வசிப்பவர், இன்ன தொழில் செய்பவர், கண்ணியமானவர். கண்ணியமானவர் என்ற இடத்தில் தணிகாசலம் மேஜைமேல் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். அவருடைய கடன் அறிக்கையில் தங்கள் வங்கியின் கவனக்குறைவால் வேறொருவரின் கடன் ஏற்றப்பட்டுள்ளது. சரி. மேற்படி கடனுக்காக எனது கட்சிக்காரர் எந்த விண்ணப்பமும் கொடுக்கவில்லை, எந்தத் தொகையும் வாங்கவில்லை. சரியா? சரி. "மேற்படி கடனுக்கும் எனது கட்சிக்காரருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவ்வளவுதான் சார். கீழ நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. நாளைக்குப் பதிவுத் தபால்ல போயிடும்." தணிகாசலம் பேனாவை எடுத்தார். நல்ல பேனா, கனமாக இருந்தது. எந்தச் சம்பந்தமும் இல்லை. முன்பணம் சீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த அன்று, பூங்காவனம் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்தாள். "அம்மா, அந்தக் கடைசி வரி வேண்டாம்" என்றார். "எது சார்?" "சம்பந்தம் இல்லங்கறது. நான் வாங்கலன்னு இருக்குதுல்ல, அது போதும். அது நிஜம்." வக்கீல் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே சார்." "ஒண்ணு இல்லம்மா. நல்லா பாருங்க." கடைக் குரல் அவருக்கே கேட்டது. வக்கீல் தாளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார், பார்வை அங்கேயே நின்றுவிட்டது. "இந்த வரிதான் சார் நோட்டீஸுக்கு உயிரு. இதை எடுத்துட்டா, அப்ப யாரு வாங்கினதுன்னு அவங்க திருப்பிக் கேப்பாங்க. நாம கேஸ் போட்டா அந்தக் கடன் பைலையே கொண்டுவந்து வைப்பாங்க, போட்டோவோட. உங்களுக்குத் தெரியும்னா இப்பவே எங்கிட்ட சொல்லிடுங்க." வெளியே மின்விசிறி தட்டுவது உள்ளேயும் கேட்டது. தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அதையும் எழுதிக்கொள்வார், அதற்குக் கீழேயும் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும்.

"விருத்தகிரி" என்றார் தணிகாசலம். வாய்க்குப் பழக்கமில்லாத இடத்தில் அந்தப் பெயர் போய் நின்றது. வக்கீல் தாள்களைப் பின்னால் புரட்டினார். "உங்க அப்பாதானே சார்? அவர் இறந்துட்டார்னு குறிச்சிருக்கே." "இல்லம்மா" என்றார். பேனாவை மூடி, நோட்டீஸின் மேல் வைத்துவிட்டு எழுந்தார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "உயிரோட இருக்கான். ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."